ஆங்கில வகுப்பில் ஒரு 'ப்ளீஸ்'

நேயர்களுக்கு வணக்கம். இலங்கையின் மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்களோடு, வகுப்பில் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசுவது பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். பெற்றோரும் கேளுங்கள்.

நம் தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலம், தோட்டத்தை நடத்திய துரைமார் பங்களாவிலிருந்து இறங்கி வந்த மொழி. காலையில் தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில் அதற்கு அதிகாரக் குரல்தான் இருந்தது. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை, சிங்களம் பேசுவோரையும் தமிழ் பேசுவோரையும் இணைக்கும் இணைப்பு மொழியாக்கியது. இன்று தரம் 3 முதல் அது முறைப்படியான பாடம். இருந்தும் பிள்ளையின் காதில் விழுவது பெரும்பாலும் 'சிட் டவுன்', 'கீப் கொயட்' என்ற அதட்டல்தான். எனக்கு இது பெரிய மனக்குறை.

சொல்கிற ஆசிரியர் மரியாதை தெரியாதவர் அல்ல. 'உட்காருங்க பிள்ளைகளா' என்னும்போது தமிழில் மரியாதை வினையோடேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதைக் குரலிலும், பிள்ளையின் பெயரிலும், ஒரு 'ப்ளீஸ்'ஸிலும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

அதற்காக நீட்டி முழக்க வேண்டாம். 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ?', அதாவது ஜன்னலைத் திறப்பதில் ஆட்சேபணை உண்டா, என்றால் சின்னப் பிள்ளை திகைத்துப்போகும். 'நோ' என்றால்தான் சம்மதம் என்று அதற்கு எப்படி விளங்கும்? 'ஓப்பன் யுவர் புக்ஸ், ப்ளீஸ்' போதும். கொப்பியைத் திறந்தும் காட்டுங்கள். 'குட் யூ', 'வுட் யூ' எல்லாம் சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும்போது பழகட்டும்.

வாசலால் பனி உள்ளே வருகிறது. 'கேன் யூ க்ளோஸ் தி டோர்?' என்கிறார் மிஸ். பிள்ளை எழுந்து, 'யெஸ், மிஸ்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. குறும்பு இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். கோபப்படாமல் கதவைக் கையால் காட்டி, 'ப்ளீஸ்' சேர்த்து இன்னொரு தரம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வேண்டுகோள் கேள்வியாகவும் வரும் என்று பிள்ளை அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

'டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். முழு வகுப்பும் 'யெஸ்' என்றுதான் சொல்லும். நாலு பேர் முன்னால் விளங்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 'ஆர் யூ ரீடிங் ஓர் ரைட்டிங்?' என்று கேட்டால், செய்ய வேண்டியது விளங்கியதா என்பது பதிலிலேயே தெரியும். வேலையை முடித்த பிள்ளைக்குப் பெயர் சொல்லி 'தேங்க் யூ' சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அது முன்னால் நின்று 'ஸ்டாண்ட் அப், ப்ளீஸ்' என்றால், வாங்கில் இருக்கும் நீங்களும் எழும்புங்கள். 'ப்ளீஸ்' விடுபட்டால் எழும்ப வேண்டாம். மற்றப் பிள்ளைகளே எடுத்துக் கொடுப்பார்கள். நன்றி, வணக்கம்.