ஆட்கள் தேவை போர்டு ஏன் இந்தியில் இருக்கிறது?

வணக்கம் மக்களே. பின்னால் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கோங்க, திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். ஜார்க்கண்டில் இருக்கிற தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகிற வண்டி இப்போதுதான் கிளம்பியது. முதுகில் பையும் கையில் பக்கெட்டுமாக இறங்குகிறார்களே, இவர்களில் நிறைய பேர் நாளைக்கே ஏதாவது பனியன் கம்பெனியில் ஷிப்டுக்கு நிற்பார்கள்.

வரும் வழியில் ஒரு கேட்டில் டெய்லர், செக்கிங், அயர்னுக்கு ஆட்கள் தேவை என்று போர்டு, தமிழுக்குக் கீழே இந்தியிலும் எழுதியிருந்தது. "நம்ம வேலையை இவங்க புடுங்கறாங்க" என்று போன வீடியோவில் எத்தனை கமெண்ட்! எனக்கு அதில் உடன்பாடு இல்லைங்க. அந்த மெஷினில் உட்கார வேண்டிய நம்மூர்ப் பையன் பிறக்கவே இல்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கோங்க. அம்மாயிக்கு ஏழு பிள்ளைகள், அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர், எனக்கு ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. மக்கள்தொகை இறங்காமல் நிற்கவே சுமார் 2.1 வேண்டும். பீகாரில் 3.0.

பிள்ளைகள் குறைந்ததில் நமக்கு லாபம்தான், அதை மறுக்கவே முடியாது. ஏழு வாய்க்குச் சோறு போட்ட வீட்டில் எதைச் சேர்ப்பது? இரண்டாகக் குறைந்ததும் இரண்டையும் படிக்க வைத்தார்கள், அம்மா வேலைக்குப் போனார், கையில் நாலு காசு நின்றது. அதே நேரத்தில் ஏழு பிள்ளைக் காலத்தில் பிறந்தவர்கள் வளர்ந்து சம்பாதிக்கிறார்கள், உட்கார வைத்துச் சோறு போட வேண்டியவர்கள் கம்மி. வேலையும் இருந்ததால் ஊர் எழுந்தது, வேலை இல்லாத ஊரில் அதே இளவட்டம் டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இந்த லாபம் ஒருமுறைதான் கிடைக்கும். அன்று சம்பாதித்தவர்களுக்கே இப்போது வயசாகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர், 2031இல் 18 ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஜப்பானில் பணக்காரர் ஆன பிறகு கிழவர் ஆனார்கள், நாம் பணக்காரர் ஆவதற்கு முன்பே கிழவர் ஆகிறோம். என் மாமா நாற்பது வருஷம் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, ஓவர்லாக் தையல் மெஷின் அடித்தவர், பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது, கண்ணும் சரியில்லை. அவரைப் பார்க்க ஒரே மகன், அவனும் பெங்களூரில்.

சரி, வடக்கிலிருந்துதான் ஆள் வருகிறதே, அப்புறம் என்ன என்பீர்கள். இப்போது இங்கே ஒரு ஒடிசா பையனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒரே ஒரு தங்கச்சியாம். அந்த ஆய்வில் ஒடிசாவுக்கும் 1.8தான், மேற்கு வங்கத்துக்கு 1.6, பீகாரே 3.4இலிருந்து இறங்கித்தான் 3.0க்கு வந்திருக்கிறது. இன்னும் இருபது வருஷம் கழித்து இந்த வண்டியில் யார் இறங்குவார்கள், கமெண்டில் சொல்லுங்க.