மாவலி சுற்ற ஆசையா? பங்குனியிலேயே தொடங்குங்கள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் இளையவர்களுக்கும் வணக்கம்.

இலையுதிர்காலம் என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு அக்டோபரில் மரத்தை அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் உதிராது. நம் பக்கத்தில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி இறங்கும். ஓர் ஆண்டில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற மழையில் ஏறத்தாழப் பாதி, டிசம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும். ஐப்பசி அடைமழை என்பார்கள். விறகு நனைந்திருக்கும், வறட்டி பரணேறியிருக்கும், துணி மூன்று நாளானாலும் காயாது.

இந்த ஈரத்துக்கு நடுவில்தான் நெருப்புத் திருவிழா வருகிறது, கவனித்தீர்களா? கார்த்திகைப் பௌர்ணமியில் தெருவெல்லாம் விளக்கு வைப்பது சங்கப் பாடலிலேயே இருக்கிற வழக்கம். ஓலைக் கூரையும் வைக்கோல் போருமாக இருந்த ஊரில் பிள்ளைகள் கையில் நெருப்பைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார்களே, எந்தத் துணிச்சலில்? ஒரு மாத மழையில் கூரை ஊறிக் கிடக்கும். பொறி விழுந்தாலும் அவிந்துவிடும். இது என் கணிப்புதான். ஆனால் அதே விளையாட்டைச் சித்திரையில் யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

மாவலி என்று சொன்னதும் முன்வரிசையில் சிலர் முகம் மலர்கிறது. பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் கார்த்திகை தீபத்தன்று கரிப்பொடிப் பொட்டலத்தைக் கயிற்றில் கட்டிப் பற்றவைத்து, "மாவலியோ மாவலி" என்று கூவிக்கொண்டு பொறி பறக்கச் சுற்றுவது அது. மத்தாப்பு மாதிரி கடையில் கிடைக்காது, கையால்தான் கட்ட வேண்டும். இன்று சொல்லப்போவது அதைக் கட்டும் முறை.

முதல் சரக்கு ஆண்பனையின் பூ. விரல் தடிமனில் நீளநீளமாகத் தொங்கும். நுங்கு காய்ப்பது பெண்பனை, அதன் பாளை இதற்கு உதவாது. கோடையில் பூத்துக் காய்ந்த கதிர்கள் மரத்தடியிலேயே உதிர்ந்து கிடக்கும். பங்குனியிலிருந்து ஆடிக்குள் பொறுக்கிச் சாக்கில் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிட வேண்டும். கார்த்திகை பிறந்த பிறகு தேடிப் போனால் மழையில் ஊறி மக்கிய கதிர்தான் கிடைக்கும். அதை எவ்வளவு காயவைத்தாலும் கரி உதிரியாக வராது. மாவலி கெட்டுப்போகிற முதல் இடம் இதுதான்.

அடுத்தது கரி சுடுவது. ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் கொஞ்சம் சருகு போட்டு, கதிர்களை அடுக்கிக் கொளுத்துங்கள். முதலில் வெள்ளைப் புகை வரும். அது அடங்கி, கதிர் முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகி, சுவாலை தணிகிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் பச்சைத் தழையைப் பரப்பி மேலே ஈரமண்ணைத் தள்ளிக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். முந்தி மூடினால் உள்ளே அரைவேக்காட்டுக் கதிர் நிற்கும். அது புகையுமே தவிரப் பொறி விடாது. பிந்தினால் சாம்பல்தான் மிச்சம். மூடிய குழியை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. சூடு ஆறாத கரியில் காற்றுப் பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும்; அவசரக்காரர்கள் கரியை இழப்பது அப்படித்தான்.

ஆறிய கரியை உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். எந்தப் பதம்? ரவைக்கும் மாவுக்கும் நடுவில். பெரிய துண்டுகள் கங்காகவே கீழே விழும், கால் சுடும். மை மாதிரி அரைத்தால் இறுகிப்போய்க் காற்றோட்டம் இல்லாமல் அணைந்துவிடும். ஒரு படி பொடிக்கு ஒரு கைப்பிடி உப்பு, கல்லுப்பை நுணுக்கிக் கலப்பது நல்லது. கல்லுப்பின் உள்ளே சிக்கிய ஈரம் சூட்டில் வெடிக்கும். படபடவென்று பொரிகிற சத்தம் அதனால்தான். உப்பை அள்ளிக் கொட்டினால் கரியே நமுத்துவிடும், கவனம்.

துணி பழைய பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த துணி உருகிச் சொட்டும். பிள்ளைகள் கிட்ட இருக்கிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். ஒரு சாண் அகலத்தில் கிழித்து, இரண்டு விரல் தடிமனுக்குக் குழாயாகத் தைத்து, கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் கெட்டிக்க வேண்டும். தட்டினால் கட்டைபோல இருக்க வேண்டும். நடுவில் தொளதொளப்பு இருந்தால் தீ அந்த இடத்தில் துணியை அறுத்துக்கொண்டு ஓடி, பாதி மாவலி தனியாகப் பறக்கும். இரண்டு விரற்கடைக்கு ஒரு கட்டு நூலால் போட்டு, மேலே சாணம் மெழுகி நிழலில் காயவையுங்கள். சாணப்பூச்சு இருந்தால் துணி சட்டென்று எரியாது, கரி நின்று கனலும். மழைநாளில் காய்வதற்கு நாலைந்து நாள் ஆகலாம். தீபத்துக்கு முந்தின நாள் மெழுகினால் வீண்.

பிறகு மட்டை. ஒரு முழ நீளத்தில் பனைமட்டை ஒன்றை எடுத்து முதலில் இரண்டு ஓரத்துக் கருக்கையும் சீவுங்கள், இல்லையென்றால் கையை அறுத்துவிடும். ஒரு நுனியிலிருந்து மூன்றாகப் பிளந்து, நடுவில் பொட்டலத்தைச் செருகி, மேலும் கீழும் கட்ட வேண்டும். கீழ்க்கட்டுக்கு ஊறவைத்த பனைநார் போதும், காயக்காய இறுகும். மேல்கட்டு நெருப்புப் பக்கம் இருப்பதால் அங்கே கட்டுக்கம்பி போடுங்கள். பிளக்காத பக்கத்தில் துளையிட்டுக் கயிறு கட்டலாம். கயிற்றின் நீளம் சுற்றுகிறவரின் உயரத்தைப் பொறுத்தது: கையை நேரே தொங்கவிட்டால் மாவலி தரையைத் தொடக்கூடாது. நைலான் கயிறு கூடவே கூடாது. கயிற்று நுனியில் ஒரு பெரிய முடிச்சு இருந்தால் கை வழுக்காது.

மேல்முனையில் அடுப்புக் கங்கு ஒன்றை வைத்து ஊதுங்கள். கரி பிடித்ததும் முதலில் மெதுவாக ஆட்டி, பிறகு தலைக்குமேல் சுற்ற வேண்டும். வேகம் ஏறஏறக் காற்று உள்ளே பாய்ந்து, கனிந்த பொடி உதிர்ந்து ஒவ்வொன்றும் பறந்தபடியே எரிந்து தீரும். சுற்றுகிறவரைச் சுற்றி ஒரு பொன்வட்டம் நிற்கும். அந்தப் பொறி பெரும்பாலும் தரை சேருமுன் அணைந்துவிடும். ஆனாலும் இப்போதைய ஊர்களில் கார் நிற்கிறது, மின்கம்பி தாழ்வாகப் போகிறது. அறுவடை ஆகாத ஈரவயல் வரப்போ களமோதான் சரியான இடம்.

சொக்கப்பனை பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். கோயில் முன்னால் நட்ட மரத்தில் காய்ந்த ஓலையைக் கட்டும்போது, நுனி கீழ்நோக்கி இருக்க வேண்டும், கூரை வேய்கிற மாதிரி. அப்போது சாயங்காலத் தூறல் வெளியே வழிந்துவிடும், உள் ஓலை நனையாது. சிவன் கோயிலில் தீபத்தன்று, பெருமாள் கோயிலில் மறுநாள் என்று பல ஊர்களில் கொளுத்துவார்கள். எரிந்த குச்சியையும் சாம்பலையும் வயலுக்கு எடுத்துப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இதற்கென்று உயிர்ப்பனையை வெட்டாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தாயிற்று.

வீட்டுக்குள்ளே அதே நாளில் பொரி உருண்டை. அதிலும் எதிரி ஈரம்தான். நான்கு படி நெல்பொரிக்கு ஒரு படி பொடித்த வெல்லம். பொரியை வெறும் சட்டியில் ஒரு தரம் சூடாக்கி மொறுமொறுப்பாக்கிய பிறகுதான் பாகில் போட வேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். மெத்தென்று இருக்கும்போதே கலந்தால் மறுநாள் உருண்டை சொதசொதவென்று உட்கார்ந்துவிடும்.

பட்டாசு வந்ததால் மாவலி போயிற்று என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஏரிக்கரையில் ஆண்பனை குறைந்தது, கோடையில் மரத்தடியில் குனிந்து பொறுக்குகிற ஆள் குறைந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த வேலை நின்றதும் கார்த்திகையில் கை வெறுமையாயிற்று.

கடைசியாக ஒன்று. பாதியில் நிறுத்த வேண்டியிருந்தால் மாவலியைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஒரு பழைய சட்டியில் காய்ந்த மணலை வைத்துக்கொண்டு, எரியும் முனையை அதில் புதைத்துவிடுங்கள். மறுநாள் விளக்கு வைத்த பிறகு எடுத்து ஒரு கங்கு வைத்தால், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.