ஃபான்டீனை வேலையை விட்டு அனுப்பியது யார்?

எல்லோருக்கும் வணக்கம்.

'செவ்வியல் நாவல்களில் அறமும் சமூகமும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு வாரம் பேசினாலும் போதாது; எனக்குக் கொடுத்திருப்பது அரை மணி நேரம். அதனால் ஒரே நாவல், அதிலும் ஒரு பெண்ணின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட 'லே மிசரபிள்'. சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950-இல் அதே பெயரில் படமும் வந்தது. அதில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனை அதற்கப்புறம் யாரும் வெறும் சீதாராமன் என்று சொல்லவில்லை. கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான். கதாநாயகனின் பெயர் பிரெஞ்சு உச்சரிப்பில் ழான் வல்ழான். என் வாய்க்கு வருவது ஜான் வல்ஜான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் ரொட்டி திருடி 19 வருடம் சிறையில் கிடந்ததும், அவன் திருடிய வெள்ளிச் சாமான்களோடு மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து பிஷப் அவனைக் காப்பாற்றியதும் உங்களுக்குத் தெரியும். பலர் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அறம் என்றால் அந்தக் காட்சியோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கென்னவோ ஹியூகோ உண்மையிலேயே நம்மைச் சங்கடப்படுத்துவது அதற்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது.

வல்ஜான் திருந்திவிட்டார். மதலேன் என்று பெயரை மாற்றிக்கொண்டு வட பிரான்சில் ஒரு சிற்றூருக்கு வருகிறார். அங்கே கருமணி நகை செய்வது பழைய தொழில். பிசினுக்குப் பதிலாக அரக்கைப் போடலாம் என்று கண்டுபிடிக்கிறார். அடக்க விலை இறங்குகிறது, கூலி ஏறுகிறது, ஊரே பிழைக்கிறது. ஊர் மேயரும் ஆகிறார். தொழிற்சாலையில் பசியோடு வந்த யாருக்கும் வேலை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: ஆண்கள் நாணயமானவர்களாக இருக்கவேண்டும், பெண்கள் ஒழுக்கமானவர்களாக இருக்கவேண்டும். பெண்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று தனிக் கூடம்கூடக் கட்டியிருக்கிறார். இந்த விஷயத்தில் மட்டும் மனிதர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

அந்தக் கூடத்துக்கு ஃபான்டீன் வருகிறாள். பாரிசில் ஒரு மாணவனை நம்பி ஏமாந்தவள். குழந்தை கோசெத்தை வேறோர் ஊரில் சத்திரம் நடத்தும் தெனார்தியே தம்பதியிடம் விட்டிருக்கிறாள். ஆரம்பத்தில் மாதம் ஏழு பிராங்க். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். கடிதத்துக்கு ஆள் வேண்டும். நம் ஊர் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதித் தருவார்களே, அப்படி ஒருவர். அவர் வயிற்றில் மது இறங்கினால் வாயில் ரகசியம் தங்காது. இவள் அடிக்கடி யாருக்குக் கடிதம் போடுகிறாள் என்று கிளம்புகிறது பேச்சு. விக்டுர்னியென் என்ற ஒரு அம்மாள், வயது 56, சொந்தக் காசில் வண்டிக்கட்டணம் கொடுத்து அந்தச் சத்திரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். 35 பிராங்க் செலவு. ஆனால் குழந்தையைக் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கு ஒரே திருப்தி. வம்புக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கூடத்தின் மேற்பார்வையாளர் அம்மாள் கெட்டவளே இல்லை. ஃபான்டீனைக் கூப்பிட்டு, மேயர் கொடுக்கச் சொன்னதாக 50 பிராங்கைக் கையில் வைத்து, ஊரைவிட்டுப் போய்விடு என்கிறாள். மேயருக்கு இது தெரியவே தெரியாது. விதியை அவர் வைத்தார், அவர் நம்பிய அம்மாள் அதை நடத்தினாள். இவளுக்கோ வாடகை பாக்கி, கட்டில் நாற்காலி வாங்கிய கடன். ஊரைவிட்டும் போக முடியாது.

அதற்கப்புறம் ஹியூகோ கணக்குப் பிள்ளை மாதிரி எழுதுகிறார். பட்டாளத்துக்காரர்களுக்கு முரட்டுச் சட்டை தைத்தால் நாளுக்கு 12 சூ. 20 சூ சேர்ந்தால் ஒரு பிராங்க். குழந்தைக்குப் போவது 10 சூ. மிச்சம் இரண்டு சூவில் தாய் வாழவேண்டும். குழந்தைக்குக் குளிருக்குத் துணி இல்லை என்று கடிதம் வருகிறது. கூந்தலைப் பத்து பிராங்குக்கு விற்றுக் கம்பளிப் பாவாடை வாங்கி அனுப்புகிறாள். காசு எதிர்பார்த்த தெனார்தியே குடும்பம் அதைத் தங்கள் மகளுக்கு உடுத்திவிடுகிறது. அடுத்து, குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்கு 40 பிராங்க் வேண்டும் என்று ஒரு பொய். முன்பல் இரண்டையும் பிடுங்கி விற்று அனுப்புகிறாள். பிறகு சிறைக் கைதிகளை வைத்து மலிவாகத் தைக்கும் ஒப்பந்தக்காரன் வந்து, வெளியே தைப்பவர்களின் கூலியையும் இறக்கிவிடுகிறான். 17 மணி நேர வேலைக்கு 9 சூ. இனி விற்க அவளிடம் அவள்தான் பாக்கி.

ஒரு குளிர்கால இரவில், வேலைவெட்டி இல்லாத ஒரு கனவான் பின்னால் வந்து அவள் வெற்று முதுகில் பனிக்கட்டியைத் திணிக்கிறான். அவள் திரும்பிப் பாய்கிறாள். ஜாவர் அவளைப் பிடித்து ஆறு மாதம் உள்ளே என்கிறார். இது கற்பனை இல்லை. 1841 ஜனவரியில் பாரிஸ் தெருவில் ஹியூகோவே இதைக் கண்ணால் பார்த்தார். பிரெஞ்சு மொழிக்கான பெரிய மன்றமான பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்வாகி இரண்டே நாள். காவல் நிலையத்துக்குள் போனால் நாளைக்குப் பத்திரிகையில் என்ன வருமோ என்று தயங்கி நின்றார். அப்புறம் உள்ளே போய்ச் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணை விட்டார்கள். அந்தத் தயக்கம்தான் எனக்கு அவரை நெருக்கமாக்குகிறது.

நாவலில் அந்த இடத்துக்கு வருவது மேயர் மதலேன். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் ஃபான்டீன் சிரித்துவிட்டு அவர் முகத்தில் துப்புகிறாள். அவர் துடைத்துக்கொண்டு, இவளை விடுங்கள் என்று ஜாவரிடம் சொல்கிறார். அப்புறம் அவளிடம், எனக்கு எதுவும் தெரியாதம்மா, ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்கிறார். எப்படி வருவாள்? அவர் பெயரைச் சொல்லித்தானே அவளை வெளியே அனுப்பினார்கள்! இரக்கம் அவரிடம் கொட்டிக் கிடந்தது. அவளிடம் வந்து சேர்ந்தது அவருடைய ஒழுக்க விதி மட்டும்தான்.

அவள் பிழைக்கவில்லை. மேயர் மதலேன் பழைய கைதி வல்ஜான்தான் என்பதும் வெளிவந்துவிடுகிறது. வல்ஜான் தப்பியோடுவதற்கு முன், அவளை அடக்கம் செய்யவும் தன் வழக்குச் செலவுக்கும் பணம் வைத்து, மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஊர்ப் பாதிரியாருக்கு எழுதிவைக்கிறார். பாதிரியாரும் நல்ல மனிதர். செத்தவளுக்கு எதற்கு வீண் செலவு, உயிரோடிருக்கும் ஏழைகளுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று நினைத்தார். ஃபான்டீனைக் காசில்லாமல் பொதுக்குழியில் புதைத்தார்கள்.