கயிற்றின் கடைசியில் நிற்பவன்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாசிகசாலைக்கு வருகிற வழியில் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். மீனவர்கள் வரிசையாக நின்று கரைவலையைக் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண் கயிற்றின் கடைசியில் நின்ற பையன்மேலேயே இருந்தது. இவனைத் தனியே இழுக்கவிட்டால் இதே பலத்தோடுதான் இழுப்பானா?

இதே கேள்வியை நூறு வருடத்துக்கு முன்னரே ஒருவர் கேட்டிருக்கிறார். ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர். ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து, பலத்தைக் கருவியால் அளந்தார். 1913இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, தனியாள் இழுப்பதை 100 என்று வைத்தால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 49. பாதிகூட இல்லை!

உடனே சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுக்காவிட்டால் பலம் சிதறும். நம் மீனவர்கள் வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடியது பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. பாட்டின் தாளத்தில்தான் அத்தனை கைகளும் ஒன்றாகின. ஆனால் அது பாதிக் காரணம்தான். 1974இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தி, பின்னால் பலர் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் யாரும் இழுக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் தனியே இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தார். பலம் சிதற அங்கே வேறு ஆளே இல்லை. ‘மற்றவர்கள் இருக்கிறார்கள்’ என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிட்டது.

சரி, அப்படியென்றால் ஆட்கள் கூடினால் முயற்சி குறையும் என்பதுதான் விதியா? இல்லை. 1898இல் டிரிப்லெட் என்பவர் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் பார்த்தார். தனியே ஓடுவதைவிட, பக்கத்தில் ஆள் இருக்கும்போது வேகம் கூடியிருந்தது. கூட நிற்பவர் நம் சுமையைப் பங்கிடுகிறாரா, நம்மைப் பார்க்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

பார்க்கிற கண்ணும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 1982இல் பில்லியர்ட்ஸ் போன்ற ஒரு மேசை விளையாட்டில் பார்த்தார்கள். நான்கு பேர் அருகில் வந்து நின்றதும், கைதேர்ந்தவர்கள் 100 அடிக்கு 71 சரியாக விழுந்ததை 80 ஆக்கினார்கள். பழகாதவர்கள் 36இலிருந்து 25க்கு இறங்கினார்கள். 1965இலேயே சயன்ஸ் என்கிற உளவியலாளர் இதற்குக் காரணம் சொல்லியிருந்தார்: ஆட்கள் முன்னால் நமக்குள் ஒரு விறுவிறுப்பு ஏறுகிறது, அது நன்றாகப் படிந்ததைத்தான் வெளியே தள்ளும். படிந்தது பிழையென்றால் பிழைதான் வரும்.

இதைப் படித்தபோது எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. பின்னக் கணக்கு தொடங்கி இரண்டாம் நாள், கரும்பலகைக்கு முன் நிறுத்தினார்கள். நாற்பது பிள்ளைகள் பார்க்க, தெரிந்த கூட்டலும் வரவில்லை. பல வருடம் நான் கணக்கு வராதவன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: புதிதாகப் படிக்கிற பிள்ளையைச் சபைக்கு முன் நிறுத்தாதீர்கள்.

கூத்துப் பழக்குகிற நம் அண்ணாவிமாருக்கு இது தெரிந்திருந்தது. சட்டம், அதாவது பாத்திரத்துக்குரிய பாட்டு ஏடு, கொடுத்தவுடன் யாரையும் களரி என்கிற கூத்து மேடையில் ஏற்றுவதில்லை. மாதக்கணக்கில் இரவில் பழக்கி, ஆட்டம் காலில் படிந்த பிறகுதான் சதங்கை அணிவிப்பார்கள். அப்புறம் அடுக்குப் பார்ப்பார்கள், அதாவது முழு ஒத்திகை. அரங்கேற்றம் கடைசியில். அதற்குள் தாளம் காலில் ஊறிவிடும். ஊர் கூடி நின்று பார்க்கும்போது ஆட்டம் இன்னும் கூடும்.

சுமையைப் பங்கிடுகிற கூட்டத்தின் தளர்ச்சிக்கும் வழி இருக்கிறது. 1979இல் அமெரிக்க மாணவர்களைக் கூட்டமாகக் கத்தவும் கைதட்டவும் வைத்தார்கள். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் சத்தமும் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து வெளியான இன்னொரு சோதனையில், ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தத் தளர்ச்சி போய்விட்டது.

வருகிற சனிக்கிழமை இந்த வளவில் சிரமதானம் என்று தலைவர் சொன்னார். போன தடவை நிறையப் பேர் வந்தும் வேலிக்கரைப் புல் அப்படியே நின்றதாம். வந்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். இன்றைக்கே வளவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கிணற்றடிக்கு என் பெயரைப் போடுங்கள்; விடியற்காலையில் மண்வெட்டியோடு வந்துவிடுவேன்.