எற்பாட்டில் ஒரு நாற்காலி

வணக்கம். இன்று உங்களுக்குக் காட்ட என்னிடம் இருப்பவை ஒரு நாற்காலி, பாதி படித்த ஒரு புத்தகம், வெயிலுக்காக இழுத்துவிட்ட திரைச்சீலை ஆகியவை மட்டுமே. இந்தக் கோடை விடுமுறையின் பிற்பகல்களை நான் எப்படிக் கழிக்கிறேன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். படிக்கிறேன், படித்ததில் ஏதாவது ஒன்று கையைப் பிடித்து இழுத்தால் அதன் பின்னாலேயே போகிறேன்.

சென்ற கோடையில் இருபது புத்தகங்கள் என்று இலக்கு வைத்துப் படித்தேன், முடித்தும் விட்டேன். ஆனால் எந்நேரமும் பக்க எண்ணின் மீதே கண் இருந்ததால், அவற்றுள் பலவற்றில் வந்த மாந்தர்களின் பெயர்கூட இன்று நினைவில் இல்லை என்பதை எண்ணும்போது வருத்தமாகவே இருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு இலக்கு எதுவும் இல்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். படித்துக்கொண்டிருந்த கட்டுரை ஒன்றில் ‘எற்பாடு’ என்ற சொல் வந்தது. பழந்தமிழ் இலக்கண மரபு ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்ற கணக்கில் 4 மணி நேரம். நண்பகல் முடியும் 2 மணியிலிருந்து 6 மணி வரை உள்ள பொழுதே எற்பாடு. பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பட்டியல்தான் இது. ஆனாலும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்கு நேற்றுவரை தோன்றவில்லை. எல் என்பது கதிரவன், ஒளி. பாடு என்பது சாய்தல், மறைதல். கதிரவன் சாயும் நேரம். நான் இந்த நாற்காலியில் சாய்ந்திருக்கும் அதே நேரம்!

அதோடு விட மனம் வரவில்லை. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இப்போது இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. எல்லைக்கோடு என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்த ‘எல்லை’க்குப் பகல் என்றும் ஒரு பொருள் உண்டு. பழம்பாடல்களில் ‘எல்லையும் இரவும்’ என்றால் பகலும் இரவும். அருகிலேயே இருக்கும் ‘எல்லி’ என்ற சொல்லுக்கோ இரவு என்று பொருள். ஒளியைத் தேடிப் போனவளுக்கு இருட்டும் சேர்ந்து கிடைத்தது. அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வேறொருவருக்கு விளக்குவது கடினம், ஆனால் சொற்களை நேசிப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் தோன்றியது. வேனிலையும் நண்பகலையும் நம் முன்னோர் பாலைக்கு, அதாவது பிரிவுக்கு உரியவையாக வைத்தார்கள். அந்த வெயிலில் வழி நடந்தவர்களை நினைத்துப் பார்த்தால், நிழலில் அமர்ந்து படிக்கக் கிடைத்த இந்தப் பொழுது எவ்வளவு பெரிய பேறு என்பது புரிகிறது.

கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போவதும் இதுவும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அனுபவத்தில் இரண்டும் வேறு. அங்கே அடுத்தது என்ன என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். இங்கே என் ஆவல் முடிவு செய்கிறது.

அந்த ஆவல் என்னை எங்கே கொண்டு போய்விட்டது, பாருங்கள். இணையத்துக்கு நூல்கள் எப்படி வந்தன என்று தேடியபோது, அதன் தொடக்கமும் ஒரு கோடைநாள்தான் என்று தெரிந்தது. 1971 ஜூலை 4 அன்று, இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், தமக்குக் கிடைத்த கணினி நேரத்தில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து பிறருக்குக் கிடைக்கச் செய்தார். குட்டன்பர்க் திட்டம் அப்படித்தான் பிறந்தது. இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழுக்காக 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பட்டியலை மெதுவாக மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்கு ஒரு மாலை போய்விடும்.

இப்போது மணி ஐந்தே முக்கால். திரைச்சீலையின் விளிம்பில் இருந்த வெயில் சுவரில் ஏறிவிட்டது, உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். வைகறை என்ற சொல்லில் ‘கறை’ எங்கிருந்து வந்தது என்பதை இன்னும் தேடவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு அதைத்தான் பார்க்கப் போகிறேன்.