வலிப்பு நோய்க்கு நன்கொடை: நாய்க்குட்டி போட்டோவைத் தாண்டிப் பாருங்கள்

வணக்கம் மக்களே. சிகாகோ பக்கம் குளிர் இன்னும் விடவில்லை, அதனால் இன்றைக்கு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறேன். மார்ச் 26 வருகிறது. வலிப்பு நோய் விழிப்புணர்வுக்காக ஊதா உடுத்தும் நாள். கனடாவில் ஒரு சிறுமி 2008இல் தொடங்கி வைத்தது. இந்தச் சமயத்தில் நன்கொடை கேட்டு மெயிலும் போனும் வந்துகொண்டே இருக்கும். "குழந்தைகளுக்காக" என்பார்கள், "முன்னாள் படைவீரர்களுக்காக" என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் இங்கே பர்ஸ் திறந்துவிடும். நம்ம ஆட்களும் விதிவிலக்கு இல்லை.

கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம் அல்லவா?

முதலில் குழந்தைகள். 2009 டிசம்பரில் இதே சிகாகோவில் டேனி என்ற நான்கு வயதுப் பையன் தூக்கத்திலேயே இறந்துபோனான். வலிப்பால் இப்படித் திடீர் மரணம் வரலாம் என்று பெற்றோரிடம் அதுவரை யாருமே சொன்னதில்லை. இதை மருத்துவர்கள் 'சுடெப்' என்கிறார்கள். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவருக்கு, குழந்தைகளில் 4,500 பேரில் ஒருவருக்கு நேர்வதாகக் கணக்கு. அரிதுதான். ஆனால் பெரும்பாலும் ராத்திரியில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது நடப்பது. அந்தப் பெற்றோர் தொடங்கியதுதான் 'டேனி டிட்' அறக்கட்டளை. இரவில் வலிப்பு வந்தால் எழுப்பிவிடும் கருவிகளை, வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்குக் கிடைக்கச் செய்கிறார்கள். இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதற்குக் கை விரித்துவிடும்.

அப்படி ஒரு கருவியைத் தெரிந்தவர் வீட்டில் பார்த்தேன். மெத்தைக்கு அடியில் வைக்கும் மெல்லிய பட்டை. அதிலிருந்து ஒரு ஒயர், கட்டிலோரம் ஒரு சின்னப் பெட்டி. குழந்தை புரண்டு படுத்தால் சும்மா இருக்கும். உடம்பு விடாமல் சில விநாடிகள் வெட்டி வெட்டி இழுத்தால்தான் அலறும். எத்தனை விநாடி என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். குறைத்து வைத்தால் ராத்திரி முழுக்கப் பொய் அலாரம், கூட்டி வைத்தால் பயம். அந்த அம்மா பல நாள் அதோடு மல்லுக்கட்டித்தான் ஒரு அளவுக்கு வந்தாராம். கையில் கட்டும் வாட்ச் வகையும் இருக்கிறது, அதற்கு மாதச் சந்தா வேறு. அலாரம் அடித்தால் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஊரில் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவோமே, அந்த நேரத்தில் இதைச் செய்யலாம்.

அப்புறம் நாய். விளம்பரத்தில் எப்போதும் நாய்தான் இருக்கும்! வலிப்பு வந்ததும் குரைத்து ஆளைக் கூப்பிட, பக்கத்திலேயே படுத்துக்கொள்ள, பொத்தானை அழுத்த எல்லாம் பழக்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வலிப்பு வருவதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பழக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு உத்தரவாதமான பயிற்சி கிடையாது. ஒரு நாயைப் பழக்க ஆகும் செலவில் எத்தனை வீட்டு மெத்தைக்கு அடியில் பட்டை வைக்கலாம் என்றும் யோசியுங்கள்.

படைவீரர்கள் கதை வேறு. வியட்நாம் போரில் தலைக்குள் குண்டோ சிதறலோ பாய்ந்து பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் வலிப்பு வந்தது. சிலருக்குக் காயம் பட்டு 14 ஆண்டுக்கு அப்புறம்தான் முதல் வலிப்பே. போர் முடிந்து, வேலை, கல்யாணம், பிள்ளை குட்டி என்று ஆன பிறகு! இன்னொரு சிக்கல், போரின் மன அதிர்ச்சியாலும் அச்சு அசலாக வலிப்பு போலவே வரும். அதற்கு வலிப்பு மாத்திரை கேட்காது. வீடியோவோடு சேர்த்து இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும். இதற்கென்றே 2008இல் சட்டம் போட்டு, படைவீரர் நலத்துறையில் தனி வலிப்பு நோய் மையங்கள் வந்தன. ஆகவே வைத்தியத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது.

சரி, தர்மம் எங்கே தேவை? கார்! வலிப்பு வந்தால் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும் பல மாதங்கள் வண்டி ஓட்டக் கூடாது. இந்த நாட்டில் கார் இல்லையென்றால் பால் வாங்கக்கூட முடியாத ஊர்கள் எத்தனையோ. 'டிஸேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ்' அமைப்பு, ஆஸ்பத்திரிக்கு வேன் வாங்கிக் கொடுத்து, தன்னார்வலர்களை வைத்து வீரர்களை இலவசமாக அழைத்துப் போகிறது. ஓட்டுவதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பணம் இல்லாதவர்கள் ஸ்டியரிங் பிடிக்கலாம்.

கடைசியாக, ஏமாற்று வேலை. படைவீரர் பெயரைச் சொல்லி வசூல் செய்த போலிகள் மீது 2018 ஜூலையில் எஃப்.டி.சி.யும் (வணிக மோசடிகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) மாநிலங்களும் சேர்ந்து பெரிய நடவடிக்கையே எடுத்தார்கள். அதனால் போனில் கார்டு நம்பர் சொல்லாதீர்கள். அமைப்பு ஆண்டுதோறும் கொடுக்கும் வரவு செலவுக் கணக்கான 'படிவம் 990'ஐ வருமான வரித்துறை தளத்தில் தேடிப் பாருங்கள். வசூல் செலவு எவ்வளவு, உதவி எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். ரொம்பச் சின்ன அமைப்புகள் முழுப் படிவம் கொடுக்க வேண்டியதில்லை, உடனே திருடர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போன் போட்டு, "போன வருஷம் எத்தனை வீட்டுக்குக் கருவி கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையில் கொடுத்தவர்கள் சளைக்காமல் பதில் சொல்வார்கள்.