முட்டி போட்ட இருவர்

வணக்கம் நேயர்களே. முதலுதவிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் முதல் நாள் நான் கட்டுப் போடச் சொல்லித் தருவதில்லை. முட்டி போட்டு உட்காரச் சொல்லித் தருகிறேன். தரையில் கிடப்பவருக்குக் குனிந்து நின்று ஒன்றும் செய்ய முடியாது. கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு கடுக்கும், கை நடுங்கும். இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றினால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

அப்படி முட்டி போட்ட இருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1945 மார்ச் 24. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிய ஏழு வாரம்கூட இல்லை. ஜெர்மனியில் ரைன் நதிக்குக் கிழக்கே, வேசல் நகரத்துக்குப் பக்கத்தில், நேச நாட்டு வீரர்கள் 16,000 பேருக்கும் மேல் பாராசூட்டிலும், கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானத்திலும் இறங்கினார்கள். அதுவும் பட்டப்பகலில். கீழே ஜெர்மன் துப்பாக்கிகள் காத்திருந்தன. கனடா பாராசூட் பட்டாளத்தின் தளபதி ஜெஃப் நிக்லின் மரத்தில் சிக்கித் தொங்கியபோதே சுடப்பட்டு இறந்தார்.

இவர்களோடு மருத்துவ உதவியாளர்களும் குதித்தார்கள். பிரிட்டிஷ் பாராசூட் படையின் கள மருத்துவப் பிரிவுகளில், 'துப்பாக்கியைத் தொட மாட்டேன், ஆனால் காயம்பட்டவனைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று மனசாட்சியின் பேரில் வந்து சேர்ந்த இளைஞர்களும் உண்டு. ஆயுதம் இல்லாமல் எதிரியின் மண்ணில் குதிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

காலை 11 மணி இருக்கும். திறந்த வெளியில் அடிபட்டுக் கிடந்த ஒரு வீரர் உதவிக்குக் கூப்பிட்டார். கள மருத்துவப் பிரிவைச் சேர்ந்த ஒரு உதவியாளர் போனார். காயம்பட்டவர் பக்கத்தில் முட்டி போட்டார். அந்த இடத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்புறம் இன்னொருவர் போனார். அவரும் முட்டி போட்டார். அவரையும் கொன்றுவிட்டார்கள்.

எனக்கு மனசு ஆறாதது இந்த இரண்டாமவரை நினைத்துத்தான். முதலாமவர் போனபோது, ஒருவேளை சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு இடம் இருந்தது. இரண்டாமவருக்கு அதுவும் இல்லை. எந்த இடத்தில் மண்டியிட வேண்டும் என்று காட்டுவதுபோல நண்பனின் உடல் அங்கே கிடந்தது. அப்படியும் போனார்.

மூன்றாவதாகப் போனவர் கனடாவின் டொரோண்டோவைச் சேர்ந்த கார்ப்பரல் ஃபிரடெரிக் டோபம். வயது 27. முதலுதவி செய்துகொண்டிருக்கும்போதே ஒரு குண்டு அவர் மூக்கைத் துளைத்துக்கொண்டு போனது. ரத்தம் கொட்டக் கொட்ட வேலையை முடித்து, காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்து சேர்ந்தார். அடுத்த இரண்டு மணி நேரம் மற்றவர்களுக்கே வைத்தியம் பார்த்தார். எல்லோரையும் அப்புறப்படுத்திய பிறகுதான் தன் மூக்கைப் பார்க்க விட்டார். அன்றே, பற்றி எரிந்த ஒரு ராணுவ வண்டியிலிருந்து மூன்று பேரை வெளியே எடுத்தார். அவருக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அது முழுக்க முழுக்கத் தகும். பல வருஷம் கழித்து அந்தப் பதக்கம் வெளிநாட்டுக்கு விலைபோகாமல் இருக்க, அவருடைய பட்டாளத்து முதியவர்கள் நிதி திரட்டி வாங்கி, 2005இல் கனடா போர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் டோபமின் வீரத்தைச் சொல்லும் அதே அதிகாரப்பூர்வ விருதுக் குறிப்பில், அவருக்கு முன்னால் போனவர்கள் 'இரண்டு மருத்துவ உதவியாளர்கள்' மட்டுமே. பெயர் இல்லை. அவர்களுக்கு என்று ஒரே ஒரு வாக்கியம். அதிலும் அந்த ஒரு விஷயத்தை எழுதியவர் விடவில்லை: காயம்பட்டவர் அருகே மண்டியிட்டிருந்தபோது கொல்லப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்.

அதைப் படித்த நாளிலிருந்து, வகுப்பில் 'முட்டி போடுங்கள்' என்று சொல்லும்போது என் குரல் ஒரு கணம் தயங்குகிறது. மார்ச் 24 வந்தால், காலை 11 மணிக்கு அவர்கள் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன். முதலாமவர், இரண்டாமவர் என்றுதான் மனசுக்குள் கூப்பிடுகிறேன்.

வணக்கம்.